வெள்ளியங்கிரியா, மிஷன் பயணமா, கோவளமா, பக்கத்துச் சபையா? முதல் சம்பளக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

வாலிபர் கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். “அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் வெள்ளியங்கிரி போறாங்க, நானும் போகலாமா?” “சர்ஃபிங் கத்துக்கணும்னு ஆசை, ஆனா கிளாஸ் ஞாயித்துக்கிழமை காலையில.” “லீவு இருக்கு, மிஷன் டிரிப் போறதா, ஃப்ரெண்ட்ஸோட போறதா?” கேட்கிறவர்கள் எல்லாரும் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுக்காரர்கள். சண்டே ஸ்கூல், விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு என்று ஒரே காம்பவுண்டுக்குள் வளர்ந்தவர்கள். இப்போது வேலை கிடைத்து, கையில் முதல்முறையாகச் சொந்தப் பணம், வீட்டில் கல்யாணப் பேச்சு இன்னும் சூடு பிடிக்கவில்லை. வெளியே என்னதான் இருக்கிறது, போய்ப் பார்ப்போமே என்று தோன்றுவதில் ஒரு தப்பும் இல்லை. “வாலிபனே! உன் இளமையிலே சந்தோஷப்படு” என்று பிரசங்கி 11:9 சொல்கிறது. நம்முடைய முகாம்களில் அந்த வசனத்தின் பின்பாதியில் வருகிற நியாயத்தீர்ப்பைத்தான் அதிகம் கேட்டிருப்போம், ஆனால் முன்பாதியும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

சரி, ஒரு வருடத்தில் ஒரு நீண்ட லீவு, ஒரு மாதச் சம்பளத்தில் பாதி, இவ்வளவுதான் கையில் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி என்னிடம் வருகிற மூன்று வழிகளை (மலையேற்றம், மிஷன் பயணம், கோவளத்தில் சர்ஃபிங்), நானாகச் சேர்க்கிற நான்காவதோடு (வேறு சபைகளின் ஆராதனைக்குப் போய் வருவது) மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

“இது பாவமா?” என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. இந்த நான்கில் எதுவுமே அதனளவில் பாவம் இல்லை என்பதால், அந்தக் கேள்வியோடு ஆரம்பித்தால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. நான் பார்ப்பது வேறு சில விஷயங்களை.

முதலாவது, மொத்தச் செலவு. டிக்கெட் விலை மட்டும் கணக்கில்லை. ஷூ, பை, வழிச் சாப்பாடு, திரும்பி வந்த மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போடுகிற லீவு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. இரண்டாவது, எத்தனை ஞாயிற்றுக்கிழமை போகும். ஒன்றிரண்டு போனால் வானம் இடிந்து விழாது. ஆனால் மாதக்கணக்கில் போனால் யாரும் உங்களைத் தேடாத ஒரு நிலை வந்துவிடும், நீங்களும் யாரையும் தேட மாட்டீர்கள். மூன்றாவது, திரும்பி வந்த பிறகு என்ன மிஞ்சும்: படமா, பழகின மனுஷர்களா, கைக்கு வந்த ஒரு வித்தையா?

நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. வீட்டில் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டுப் போக முடியுமா? “ஆபீஸ் ட்ரெயினிங்” என்று சொல்லிவிட்டுப் போகிற எந்தப் பயணத்திலும், போன இடத்தைவிட அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்குத்தான் அதிக சக்தி செலவாகிறது. அப்புறம் பவுல் கொரிந்தியருக்கு எழுதினது: “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்.” போய் வந்தபின் அது இல்லாமல் இருக்க முடிகிறதா என்பதை அங்கே போய் வந்த பிறகுதான் சொல்ல முடியும், அதனால் அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

## மலை ஏறுவது

ஆபீஸ் நண்பர்கள் “ட்ரெக்” என்று சொன்னால் அது இரண்டில் ஒன்றாக இருக்கும், இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தலையாட்டினால்தான் சிக்கல்.

ஒன்று, வெறும் காட்டுப் பாதை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போன குழுவும் இருந்தது. அதற்குப் பிறகு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது கெடுபிடியானது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது, கூடவே வழிகாட்டி வருவார். கோடை ஆரம்பத்தில் காட்டுத்தீ பயத்தினால் பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே அந்த மாதங்களின் லீவை நம்பி இதைத் திட்டமிடாதீர்கள், மழைக்குப் பிறகு ஜனவரிப் பக்கம் பாருங்கள். வீட்டில் சொல்லவும் இது சுலபம்: அரசாங்கம் நடத்துகிறது, ரசீது இருக்கிறது, கூட வருகிறவர்கள் யார் என்று தெரியும்.

இன்னொன்று, மலை மேல் கோயில் இருக்கிற யாத்திரை. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏறுகிற வெள்ளியங்கிரிதான் இப்போது இளைஞர்கள் மத்தியில் பிரபலம். பிப்ரவரியிலிருந்து மே வரை சீசன், ஏழு மலை, அடிவாரத்தில் ஒரு மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு இராத்திரியோடு இராத்திரியாக ஏறி விடியற்காலை உச்சிக்குப் போவார்கள். பெண்களில் சிறுமிகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி. அதனால் இந்தக் கேள்வி பெரும்பாலும் பையன்களிடமிருந்துதான் வருகிறது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். உங்களோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது விரதம் இருந்து போகிற சிவன் மலை. அவர்களுக்கு அது கோயில், உங்களுக்கு மட்டும் கார்டியோவா? சுவாமி இருக்கிற இடத்துக்கு வெறும் உடற்பயிற்சிக்காகப் போவது அவர்களுடைய பக்திக்கும் மரியாதை இல்லை, உங்கள் மனசாட்சிக்கும் நல்லதில்லை. உச்சிக்குப் போன பிறகு திருநீறு நீட்டும்போதும் வரிசையில் நிற்கச் சொல்லும்போதும் என்ன செய்வது என்று அங்கே நின்று யோசிப்பதைவிட, கிளம்புவதற்கு முன்பே “நான் வரேன்டா, ஆனா சாமி கும்பிட மாட்டேன்” என்று சொல்லிவிடுவது நாகரிகம். சாப்பாட்டைப் பற்றி 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்: விருந்தில் முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, இது சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் சொன்னவரின் மனசாட்சிக்காக விட்டுவிடு. இதையும் தாண்டி ஏறத்தான் வேண்டும் என்று தோன்றினால் போய் வாருங்கள். இல்லையென்றால் காட்டுப் பாதைகளிலேயே வேண்டிய அளவு ஏற்றம் இருக்கிறது.

மறைந்திருக்கிற செலவு என்று பார்த்தால், திருநீறைவிட லாட்ஜ் ராத்திரிதான் பெரிது. பாட்டில் திறக்கும்போது “எனக்கு வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, மூஞ்சியைத் தூக்காமல் கூடவே உட்கார்ந்து முறுக்குத் தின்ன உங்களால் முடிந்தால் இந்தப் பயணம் உங்களுக்குச் சரிப்படும். முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்தால், அந்தக் குழுவோடு மட்டும் வேண்டாம், மலையை வேறு ஆட்களோடு ஏறலாம்.

## மிஷன் பயணம்

நம்முடைய சபைகளில் இதைக் குறை சொல்லவே முடியாது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது பரம்பரைப் பெருமையும்கூட. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கமும், 1905-இல் தேசிய மிஷனரி சங்கமும் ஆரம்பித்தபோது நம்மவர் காசிலும் நம்மவர் ஆட்களிலும் வேறு மாநிலத்துக்கு ஊழியம் போகலாம் என்று காட்டினார்கள். இரண்டிலும், பிற்பாடு பேராயரான வேதநாயகம் அசரியாவின் கை உண்டு. அதனால் வருடாவருடம் மே மாதம் ஏதாவது ஒரு சபையிலிருந்து இருபது பேர் பனியனில் வசனம் அச்சடித்துக்கொண்டு சென்ட்ரலில் ரயில் ஏறுகிறார்கள். அப்பா அம்மா சந்தோஷமாக அனுப்புவார்கள், ஆயர் ஜெபித்து அனுப்புவார், சிலருக்குச் சபையே டிக்கெட் எடுத்துத் தரும். மேலே சொன்ன நான்கு அளவுகோலில் முதல் பார்வைக்கு இதுதான் முழு மார்க் வாங்கும்.

ஆனால் இதன் மறைமுகச் செலவை நீங்கள் கட்டுவதில்லை, அங்கே இருக்கிற மிஷனரி குடும்பம் கட்டுகிறது. நெல்லைச் சீமையிலிருந்து போய் வடக்கே ஒரு கிராமத்தில் பல வருடமாக இருக்கிற ஒரு குடும்பத்தின் சமையலறையில் நான் பார்த்தது இது. வந்தவர்கள் கூட்டம் அதிகம், இருந்த ஒரு கேஸ் சிலிண்டர் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அந்த அக்கா யாரிடமும் சொல்லாமல் பின்பக்கம் மூன்று செங்கல் வைத்து விறகடுப்பு மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே எங்களுக்குச் சாம்பார் வைத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இரண்டும் படுக்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தன. முன்னறையில் அன்றைக்குத் தலைப்பு “தியாகம்”. உள்ளே வந்து பாத்திரம் கழுவ யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லாரும் சாட்சி சொல்லத் தயார் செய்துகொண்டிருந்தோம். கிளம்பும்போது, அடுத்த தடவை என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். பழைய புளி, நல்லெண்ணெய், முடிந்தால் ஒரு இட்லித் துணி என்றார்கள்.

மொழி தெரியாமல் போகிற கூட்டத்தால் அங்கே நடக்கிற வேலை கொஞ்சம்தான். பாட்டு, பொம்மலாட்டம், பிள்ளைகளோடு போட்டோ. அந்தப் போட்டோக்களை அப்பா அம்மாவிடம் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடுவதைச் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்தால் சும்மா விடுவார்களா? சட்டத்தையும் யோசிக்க வேண்டும். மதமாற்றத் தடைச் சட்டம் ஒடிசாவில் 1967-லேயே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2021-இல் வந்திருப்பது கடுமையானது. நீங்கள் ஆர்வக்கோளாறில் தெருவில் கைப்பிரதி கொடுத்துவிட்டு மறுநாள் ரயில் ஏறிவிடலாம், விசாரணைக்குப் போய் உட்கார வேண்டியது அங்கேயே வீடு வைத்திருப்பவர்தான்.

இவ்வளவு சொன்னதால் போகாதீர்கள் என்று அர்த்தமில்லை. இருபது பேராகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள், அங்கே தேவைப்படுகிற ஒரு வேலையோடு போங்கள். நர்ஸ், கணக்கு தெரிந்தவர், வயரிங் தெரிந்தவர், கண் பரிசோதனை செய்யத் தெரிந்தவர் என்றால் பத்து நாளும் பயன்படும். முழுநேர ஊழியத்தைப் பற்றி மனதில் உண்மையாகவே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த நான்கில் இதுதான் முதலிடம், அந்த வாழ்க்கையை மேடையிலிருந்து பார்ப்பதற்கும் அந்தச் சமையலறையிலிருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வீட்டுச் சண்டையிலிருந்தோ வேலை அலுப்பிலிருந்தோ தப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால் கடற்கரைக்குப் போங்கள், மலிவு.

சேவை செய்ய வேண்டும், ஆனால் ரயில் ஏற முடியாது என்பவர்களுக்கு ஒரு யோசனை. பரீட்சை சீசனில் பார்வையற்ற மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கிறவர்களுக்குச் சென்னையில் எப்போதும் தட்டுப்பாடுதான். வார நாளில் அரை நாள் லீவு வேண்டும், கையெழுத்து புரிகிற மாதிரி இருக்க வேண்டும். பேனர் இல்லை, பனியன் இல்லை, யாரும் ஜெபித்து அனுப்ப மாட்டார்கள்.

## கோவளம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் கோவளம், அங்கே அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர்களில் நிறையப் பேர் அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பையன்கள். கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது யூடியூபில் கிடைக்காது. கற்றுக்கொண்டால் கைக்கு ஒரு வித்தை மிஞ்சும், அந்த வகையில் மலையையும் மிஷனையும் இது தோற்கடிக்கும்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையில் வகுப்பு, வார நாளில் வேலை, ஆக சனியும் ஞாயிறும்தான் மிச்சம். முதலிலேயே “சனி மட்டும்தான்” என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள், “எப்பவாவது ஞாயிறு” என்று ஆரம்பித்தால் எல்லா ஞாயிறும் அதற்கே போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்போது புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். நீச்சலே தெரியாது என்றால் அந்தப் பணத்தை ஒரு நீச்சல் குளத்தில் போடுங்கள். மெரினாவில் மாநகராட்சிக் குளமே இருக்கிறது. இந்தக் கடற்கரை நகரத்தில் பிறந்து வளர்ந்து நீந்தத் தெரியாதவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஷிஃப்ட் வேலையால் வார நாளில் பகல் கிடைக்கிறவர்களுக்கும், கூட்டமாகச் சுற்றுவது பிடிக்காதவர்களுக்கும் இது பொருந்தும். பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்பத் தயங்கினால் தம்பியையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு போய் முதல் வகுப்பைக் காட்டிவிடுங்கள், பாதித் தயக்கம் போய்விடும்.

## பக்கத்துச் சபை

நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான், யாருமே கேட்காததும் இதுதான். இருபத்து மூன்று வருடம் சென்னையில் ஆராதனைக்குப் போனவர்களில் பலர், தங்கள் சபையைத் தவிர வேறு ஒரு சபையின் ஆராதனையில் முழுதாக உட்கார்ந்ததில்லை, கல்யாணத்துக்குப் போனதோடு சரி. செலவு பஸ் டிக்கெட், இல்லையென்றால் மெட்ரோ.

மயிலாப்பூரில் லஸ் கோயில், காட்டுக் கோயில் என்று சொல்வார்கள், 1516-ஆம் வருடத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோட்டைக்குள்ளே 1680-இல் கட்டி முடித்த செயின்ட் மேரிஸ், தலைமைச் செயலக வளாகம் என்பதால் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனை ஆர்மேனியன் தெருவில் 1772-இல் கட்டின ஆர்மேனியர் கோயில். இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான், ஆனால் நான் சொல்வது கட்டடத்தைப் பார்ப்பது அல்ல. மலையாளம் புரியாமலேயே ஆர்த்தடாக்ஸ் சபையின் குர்பானாவில், அதாவது அவர்களுடைய திருவிருந்து ஆராதனையில், முழு நேரமும் நின்று, தூபப் புகைக்கு நடுவில் பாதிரியாரும் சபையும் மாறி மாறிப் பாடுவதைக் கேட்பது. இரட்சணிய சேனைக்கு (சால்வேஷன் ஆர்மி) போய், ஞானஸ்நானமும் திருவிருந்தும் இல்லாமலே ஒரு சபை எப்படி விசுவாசத்தோடு நடக்கிறது என்று பார்ப்பது. பெந்தெகொஸ்தே சபையில் கைதட்டிப் பாடுகிற பாட்டிகளைப் பார்த்துவிட்டு, “நம்ம பாட்டி ஏன் இப்படி ஒருநாளும் கை தூக்கினதே இல்ல?” என்று வீட்டில் வந்து கேட்பது.

சிஎஸ்ஐ பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று நம்ம கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற நான்கு மரபுக்காரர்கள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, ஆனார்கள். எழும்பூரில் 1821-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டின, ‘கிர்க்’ என்று சொல்கிற கோயிலும் இன்றைக்குச் சிஎஸ்ஐதான். “எங்க பழக்கம் இதுதான்” என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்துத் தெருக்காரர்களிடமிருந்து வந்ததாக இருக்கும்.

இதிலும் மறைச்செலவு இல்லாமல் இல்லை. வாசலில் புதியவர்களுக்கான அட்டையை நீட்டுவார்கள். அதில் போன் நம்பரை எழுதினால் அடுத்த ஆறு மாதத்துக்குத் தினமும் காலையில் வாக்குத்தத்த வசனம் வாட்ஸ்அப்பில் வரும். சில இடங்களில் உங்கள் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும் என்று அன்பாகவே நெருக்குவார்கள். பார்க்க வந்தேன், எங்கள் சபைக்குத்தான் திரும்பிப் போவேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்குவது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெரிய ஆபத்து வேறு: வாரம் ஒரு சபை என்று மேய ஆரம்பித்து, பாட்டு இங்கே நல்லா இருக்கு, பிரசங்கம் அங்கே நல்லா இருக்கு என்று மார்க் போடுகிற பழக்கம். உங்கள் சபையில் காலை ஆராதனையை முடித்துவிட்டு, மாதம் ஒருமுறை மாலையில் மட்டும் வேறிடம் என்று வைத்துக்கொண்டால் இது வராது. “அவன் சபை மாறிட்டானாம்” என்ற பேச்சும் வராது.

வேளாங்கண்ணி நடைப்பயணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்திக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் கூட்டமாக நடப்பவர்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்கு மாதா பக்தியைப் பற்றி மனதில் தயக்கம் இருந்தால் அதை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள், அல்லது நடக்கிற நண்பனுக்கு வழியில் ஓரிடத்தில் தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுத்து, கொப்புளம் வந்த காலுக்கு மருந்து போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புங்கள்.

விசுவாசத்திலேயே ஒரு ஆட்டம் கண்டிருக்கிறவர்களுக்கு நான் மலையையும் மிஷனையும் சொல்ல மாட்டேன். முதலாவதில் கேள்வியை மறந்துவிடுவீர்கள், இரண்டாவதில் கேள்வி இருப்பதையே சொல்ல முடியாது. பின் வரிசையில் யாருக்கும் தெரியாதவராக உட்கார்ந்திருக்க வேறு ஒரு சபைதான் வசதி.

## வீட்டில் எப்படிக் கேட்பது

இடம், தேதி, ரயில் பெயர், கூட வருகிற ஒருவருடைய நம்பர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், போனில் அனுப்பினால் அப்பா படிக்க மாட்டார். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, அதனால் அனுமதியை அதற்கும் இரண்டு வாரம் முன்னால் வாங்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு எப்படியும் கேள்வி இரண்டு மடங்கு வரும், அது நியாயமில்லைதான், ஆனாலும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக அம்மாவிடம் சொல்லி அப்பாவிடம் சொல்லச் சொல்வது பழைய வழி, அதில் பாதி விஷயம் வழியிலேயே தொலைந்துபோகும். இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போதே கேளுங்கள். ஆராதனைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வேண்டாம். ஞாயிறு மதியம், பிரியாணி முடிந்து, அப்பா ஃபேனுக்குக் கீழே பாயை விரிப்பதற்கு முன்.